அடையாறில் ஒரு வாக்கியம்

என் தங்கை மகள் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த முதல் வாரம் தொலைபேசியில் பேசினாள். புதிதாக வந்தவர்களை உட்கார வைத்து, முதல் காரியமாக ஒரு வாக்கியம் சொன்னார்களாம்: இந்த வளாகம் மஸ்குவியம் மக்களின் மூதாதையர் நிலம், எந்த ஒப்பந்தத்தின் மூலமும் அவர்கள் விட்டுக்கொடுக்காத நிலம். அதற்குப் பிறகுதான் நூலகம் எங்கே, சாப்பாடு எங்கே என்பதெல்லாம். "மாமா, நம்ம அடையாறுல இந்த மாதிரி சொல்லணும்னா யார் பேரைச் சொல்லுவாங்க?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதே மாதம் கிண்டிக்கும் அடையாறுக்கும் இடையில் உள்ள ஒரு கல்வி ஸ்தாபனத்தில், புதிய மாணவர்களுக்கு 'ஊரின் சரித்திரம்' பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்லி அழைத்திருந்தார்கள். பல மாநிலங்களிலிருந்து வரும் பிள்ளைகள், ஊர் தெரியாது, மொழி தெரியாது, கொஞ்சம் சுவாரஸ்யமாகச் சொல்லுங்கள் என்றார்கள். என்ன எதிர்பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். 1639-ல் கோட்டை, 1882-ல் பிரம்மஞான சபை அடையாறுக்கு வந்தது, 1936-ல் கலாக்ஷேத்ரா, இடையில் கபாலி கோவில், கடைசியில் மார்கழிக் கச்சேரி. இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் ஒரு சால்வை போர்த்துவார்கள். இந்த முறை அந்த வான்கூவர் வாக்கியத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு போய் அதிலிருந்து தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடை வார்த்தையிலேயே. ஆதிவாசி, பழங்குடி, பூர்வகுடி, முதற்குடி என்று நம்மிடம் சொற்களுக்குக் குறைவில்லை. ஆனால் 'பழங்குடி' என்றவுடன் சர்க்காரின் அட்டவணை ஒன்று வந்து நின்றுவிடுகிறது. அதில் இருப்பவர்கள் பழங்குடி, இல்லாதவர்கள் இல்லை. 'மண்ணின் மைந்தர்' என்பதை மேடைப் பேச்சாளர்கள் ஏற்கெனவே தேய்த்துவிட்டார்கள். 2007-ல் ஐக்கிய நாடுகள் சபை பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் இந்திய அரசின் நிலைப்பாடு, சுதந்திர இந்தியாவின் மக்கள் அத்தனை பேருமே பூர்வகுடிகள்தான் என்பது. கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கிறது. எல்லோருமே பூர்வகுடி என்றால் யாரிடமும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அதன் சௌகரியம்.

ஆனால் அதில் பாதி உண்மையும் இருப்பதுதான் சங்கடம். கனடாவில் கப்பல் வந்த தேதியை ஒரு கோடாகப் போட்டு, இந்தப் பக்கம் வந்தவர், அந்தப் பக்கம் இருந்தவர் என்று பிரிக்க முடிகிறது. இங்கே அந்தக் கோடு எங்கே விழும்? 1863 மே 30-ந் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். விமான நிலையத்தை ஒட்டிய அதே பல்லாவரம்தான். கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளுக்கு இன்று பதினைந்து லட்சம் ஆண்டு வயது சொல்கிறார்கள். அந்தக் கைகள் நம்மில் யாருடைய பாட்டன் கைகளும் அல்ல. அத்தனை தூரம் பின்னால் போய்விட்டால் இந்த ஊரில் எல்லோரும் வந்தேறிகள்தான். இதை வைத்துக்கொண்டு கேள்வியையே தட்டிக்கழிக்கும் புத்திசாலிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யார் முதலில் வந்தது என்பது ஒரு கேள்வி. நீ இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குக் கீழே இருந்தது என்ன, யாரை நகர்த்திவிட்டு இது போடப்பட்டது என்பது வேறு கேள்வி. பின்னதற்குப் பதினைந்து லட்சம் ஆண்டு தேவையில்லை. இருநூறு ஆண்டுகளே போதும்.

நாற்காலிக்குக் கீழே இருந்தது காடு. கோரமண்டல் கரைக்கே உரிய உலர் பசுமைக் காட்டின் மிச்சம். கவர்னர்களின் தோட்ட மாளிகை போக மீதியை கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்பவரிடமிருந்து சர்க்கார் 1821-ல் 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-ல் 505 ஹெக்டேர் காப்புக் காடானது. 1958-ல் ஒரு பகுதியை மத்தியக் கல்வி அமைச்சகத்திடம் கொடுத்தார்கள். மறு ஆண்டு ஐ.ஐ.டி. வந்தது. அப்புறம் தலைவர்களின் நினைவகங்கள், வேறு கல்விக்கூடங்கள். 1978-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது எஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். இந்தக் கைமாற்றங்களை நான் படித்த வரிசையில் கவர்னர் இருக்கிறார், வெள்ளைக்காரச் சொந்தக்காரர் இருக்கிறார், இலாக்காக்கள் இருக்கின்றன, புள்ளிமானும் வெளிமானும்கூட இருக்கின்றன. விறகு பொறுக்கியவர், கிழங்கு தோண்டியவர், மாடு மேய்த்தவர் என்று ஒரு மனித ஜீவன் அதில் இல்லை.

செங்கற்பட்டுச் சீமையின் காடு மேடுகளில் அப்படித் திரிந்து பிழைத்தவர்கள் இருளர்கள். அவர்களை நம் படிப்பாளிகள் முதலில் சந்திப்பது தர்ஸ்டன் வழியாகத்தான். எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்து, மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, ரங்காச்சாரி துணையுடன் 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டாரே, அவர். சென்னை மாணவன் இருளரை நேரில் பார்ப்பது பாம்புப் பண்ணையில். 1972-ல் ரோமுலஸ் விட்டேகர் கிண்டியில் அதைத் தொடங்கினார். அதே 1972-ல் வந்த வன உயிரினச் சட்டம், பாம்புத்தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துக் கொடுத்து வந்த இருளர்களின் பிழைப்பை நிறுத்தியது. 1978-ல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. வடநெம்மேலியில் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்நாட்டில் விஷமுறிவு மருந்துக்குப் போகும் விஷத்தில் பெரும் பகுதி இந்தச் சங்கம் கொடுத்தது. 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு போன தடத்தை மண்ணில் வாசிக்கும் அந்த அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. விருது கொடுக்கலாம், நாற்காலி கொடுக்க முடியாது என்பது நம் கல்வியின் சம்பிரதாயம்.

காட்டை விட்டுக் கடற்கரைக்கு வருகிறேன். இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது.

நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். நெய்தல் திணை என் விருப்பப் பாடம். உ.வே.சா. 1903-ல் பதிப்பித்த ஐங்குறுநூற்றில் அம்மூவனாரின் நெய்தல் நூறு பாட்டையும் இரங்கலும் இரங்கல் நிமித்தமும் சகிதம் நடத்தியிருக்கிறேன். உ.வே.சா. பெயரில் 1943-ல் ருக்மிணி தேவி ஏற்படுத்திய நூல் நிலையம் இப்போது பெசன்ட் நகரில் இருக்கிறது. ஓலைச்சுவடி பார்க்க அங்கே எத்தனையோ நாள் போயிருக்கிறேன். அங்கிருந்து நடந்தே போய்விடலாம், ஊரூர் குப்பத்துக்கு. ஓய்வு பெறும்வரை நான் அங்கே போனதில்லை. யாரும் தடுக்கவில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். நெய்தல் எனக்குச் சுவடிக்குள் இருந்தது.

ஒருநாள் விடியலில், பழக்கமான ஒரு பெரியவரோடு அந்தக் கரையில் நின்றிருந்தேன். கிழக்குக் காற்று கொண்டல், தெற்கு தென்றல், மேற்கு கோடை, வடக்கு வாடை என்று நான்கை மனப்பாடமாக ஒப்பிப்பவன் நான். பெரியவர், "இன்னிக்கு இன்னா காத்து சொல்லுங்க சார், பாப்போம்" என்றார். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்றே தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு, "கச்சான்" என்றார். நான் கோடை என்று பாடம் சொன்ன மேல்காற்றுக்கு அவரிடம் வேறு பெயர். காற்றோடு நிற்கவில்லை. கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தை அவர்கள் வெள்ளம் என்கிறார்கள். வன்னி வெள்ளம், தெண்டி வெள்ளம் என்று அதற்கும் பெயர்கள். இந்தக் காற்றுக்கு இந்த வெள்ளம் ஓடினால் வலை என்ன ஆகும், என்ன மீன் கரைக்கு அணையும் என்று ஒரு தர்க்கமே வைத்திருந்தார். திணை என்பது நிலமும் பொழுதும் தொழிலும் பின்னிய அறிவு என்று நாம் கட்டுரை எழுதுகிறோமே, அது மணலில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றது. சங்ககால நுளையரின் நேர் வாரிசு இவர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மாதிரிப் பெருமூச்சுகள் எனக்குப் பிடிப்பதில்லை. கவிதையைப் புரிந்துகொள்ள அரை மைலில் இருந்த ஒரு வழியை நான் நாற்பது வருஷம் உபயோகிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஊரூருக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1894-ல், உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு வந்த அதே வருஷத்தில், கர்னல் ஆல்காட் அங்கே பஞ்சமப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பிரம்மஞான சபையின் ஆலமரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். சபையின் வேலிக்கு வெளியே இருந்த சேரியையும் அந்தப் பள்ளியையும் சொல்வார் குறைவு. 1898-ல் ஆல்காட்டைத் தேடி ஒரு சித்த வைத்தியர் வந்தார்: அயோத்திதாசப் பண்டிதர். இருவரும் இலங்கைக்குப் போனார்கள். பண்டிதர் அங்கே பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-லிருந்து 1914-ல் இறக்கும்வரை, 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கிப் பிறகு 'தமிழன்' ஆன வாரப் பத்திரிகையில் அவர் எழுதிக் குவித்தது என்ன? பறையர் என்று இழிக்கப்படுவோர்தான் இந்நிலத்தின் பூர்வ பௌத்தர்கள். வேஷ பிராமணர் வந்து அவர்கள் நிலத்தையும் நூலையும் பெயரையும் பறித்துக்கொண்டார்கள் என்கிற சரித்திரம். 'இந்திரர் தேச சரித்திரம்' என்றே தலைப்புக் கொடுத்தார். வான்கூவரில் இன்று புதிய மாணவனுக்குச் சொல்கிறார்களே, அந்த வகைச் சரித்திரத்தை ஒரு மனிதர் நூற்றுப் பத்து வருஷங்களுக்கு முன்னாலேயே தமிழில், மயிலாப்பூருக்கு அடுத்த பேட்டையில் உட்கார்ந்து, ஒரு பைசாவுக்கு விற்றிருக்கிறார்.

அவருடைய சொல்லாராய்ச்சிகளை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. பல இடங்களில் சொல்லை முறுக்கித் தனக்கு வேண்டிய அர்த்தத்தைப் பிழிகிறார். ஆனால் சம்ஸ்கிருதத்திலிருந்தோ தமிழிலிருந்தோ இதே காரியத்தைச் செய்த மற்றப் பண்டிதர்களை நாம் இவ்வளவு கறாராக விசாரித்தோமா? அவருடைய பாட்டனார் கந்தப்பன், வெள்ளைக்காரர் ஒருவரிடம் பட்லராக இருந்தவர், திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசரே எழுதியிருக்கிறார். குறளின் பதிப்பு வரலாற்றை நடத்தியபோது நான் எல்லிஸைச் சொன்னேன், பட்லரைச் சொன்னதில்லை.

நம் வட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-ல் கசடதபற வந்தது. அதற்குப் பின் எத்தனை பத்திரிகைகள். திருவல்லிக்கேணி அறைகளில் காம்யுவையும் அமைப்பியலையும் வைத்து விடிய விடியச் சண்டை போட்டிருக்கிறோம். இராயப்பேட்டை அங்கிருந்து எவ்வளவு தூரம்? அயோத்திதாசரின் பெயர் அந்தப் பேச்சுகளில் ஒருமுறை வந்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்த பிறகுதான் நம்மில் பலர் படித்தோம். இப்போது கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2023 டிசம்பரில் திறந்தார்கள். இரட்டைமலை சீனிவாசனுக்கும் அங்கே ஒன்று உண்டு. சர்தார் படேல் சாலையின் கல்லூரி மாணவர்கள் தினம் அந்த வாசலைத் தாண்டிப் போகிறார்கள்.

ஆக என் வாக்கியத்துக்கு மூன்று பெயர்கள் சேர்ந்தன. காட்டுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, வயலுக்கும் சேரிக்கும் ஒன்று. சட்டத்தில் இவை மூன்றும் மூன்று அட்டவணைகள்: பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர். இந்தக் கடைசிப் பெயரிலுள்ள 'ஆதி' சும்மா வந்ததல்ல, எம்.சி. ராஜா முதலானவர்கள் கேட்டு, 1922-ல் சென்னை சர்க்காரை ஏற்கவைத்த சொல். மூவரும் ஒன்றாக நிற்கும் ஓர் இடத்தை யோசித்தபோது எனக்குக் கிடைத்தது, வேடிக்கைதான், மயிலாப்பூர். பங்குனியில் அறுபத்து மூவர் உலா. வேடரான கண்ணப்பர், மீனவரான அதிபத்தர், புலையரான திருநாளைப்போவார் மூவரும் விக்கிரகங்களாக மாடவீதி சுற்றி வருகிறார்கள். அவர்களைப் பாடிய சேக்கிழார் இதே அடையாற்றுப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். கண்ணப்பர் கண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தது, நந்தனார் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்பதையும் அவரே பாடினார். நந்தனின் இனத்தார் கோவிலுக்குள் நுழைய 1939-லும் 1947-லும் சட்டங்கள் வேண்டியிருந்தன. ஞாபகம் வைத்துக்கொள்ள நமக்குத் தெரியாமலில்லை. உலோகமாக வார்த்துத் தோளில் தூக்குவதுதான் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளும் முறை.

இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் திணித்துப் பேசினேன். முடிவில் வான்கூவர் வாக்கியத்தைச் சொல்லி, நமக்கும் அப்படி ஒன்று வேண்டும், வருஷா வருஷம் முதல் நாள் அதை வாசிக்க வேண்டும் என்றேன். கைதட்டினார்கள். வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், முதல் வருஷம். எந்த ஊர், எந்தச் சமூகம் என்று எழுதப்போவதில்லை. அவள் கேட்டுக்கொண்டதே அதைத்தான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொன்னது எல்லாம் நிஜம். ஆனா அந்த வாக்கியத்தை இங்க படிச்சாங்கன்னா, அடுத்த நிமிஷம் எல்லாரும் திரும்பிப் பாக்கறது என்னைத்தான். ரேங்க் என்ன, எந்த கோட்டான்னு வந்த முதல் நாளே கேட்டாச்சு. எங்க பேரு அதுல வர வேணாம் சார்."

"உங்க சரித்திரம் எல்லாருக்கும் தெரிய வேண்டாமாம்மா?"

"தெரியட்டும் சார். அவங்க சரித்திரமும் தெரியட்டும். இந்த நெலம் அவங்க கைக்கு எப்படி வந்துச்சுன்னு அவங்கள சொல்லச் சொல்லுங்க."

வீட்டுக்கு வரும்வரை இது என்னை விடவில்லை. வான்கூவரில் பெயரைச் சொல்வது, மறைத்ததைத் திருப்பித் தருவது. இங்கே பெயர் எப்போது மறைந்திருந்தது? ஊரில், பள்ளி வருகைப் பதிவேட்டில், சாதிச் சான்றிதழில், சேர்க்கைப் பட்டியலில் என்று வாழ்நாள் முழுக்கப் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அவளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருளர் குடும்பம் ஒன்று அந்தச் சான்றிதழை வாங்குவதற்கே படும் பாட்டை அறிந்தவர்கள் அறிவார்கள். பெயரில்லாமல் புழங்குகிற சுகம் மற்றவர்களுக்குத்தான். அவர்கள் தங்களைச் 'சாதாரணம்' என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்; பொதுப் பட்டியல் என்ற பெயரும் அதற்கு வசதியாக இருக்கிறது. நான் எழுதப் பார்த்த வாக்கியத்தில் எழுவாயே தவறு. இருந்தவர் யார் என்று தேடிக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டவர் யார் என்ற இடம் காலியாகவே இருந்தது. அந்த இடத்தில் மயிலாப்பூரில் மூன்று தலைமுறையாகச் சொந்த வீட்டில் இருக்கும் என் பெயரும் வரும்.

தங்கை மகளிடம் சொன்னேன். அங்கேயும் அந்த வாக்கியம் சிலருக்கு வாய்ப்பாடாகிவிட்டது என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிடுகிறார்களாம். ஆனால் அங்கே அடுத்து மஸ்குவியம் ஆள் ஒருவர் எழுந்து, தன் மொழியில் பேசினாராம்.

மறு வருஷம் அதே ஸ்தாபனத்திலிருந்து அழைப்பு வந்தபோது, எனக்குப் பதில் குப்பத்துப் பெரியவரைப் பேசக் கூப்பிடுங்கள், காற்றைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் சொல்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதினேன். சன்மான விதிகளின்படி பேச்சாளரின் பட்டம், கடைசியாக வகித்த பதவி இரண்டும் தேவை என்று பதில் வந்தது. பெரியவரிடம் சொன்னேன். "அந்த நேரத்துக்கு நானு கடல்ல இருப்பேன் சார். வேணும்னா அவங்கள இங்க வரச் சொல்லுங்க, காத்து இங்கதானே கீது" என்றார். ஒரு மணி நேரம் போதாது. ஒரு முழு நாளும் பேருந்தும் கொடுத்தால் காலையில் ஊரூர், பிறகு இராயப்பேட்டை, மாலையில் வடநெம்மேலி என்று அழைத்துப் போகிறேன், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு நிலம் எப்படி வந்தது என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று மறுபடி எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.